வெறும் வயிறா, அம்மா?

சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். நான் புதுச்சேரியில் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே இதற்கு 'அவாலே தெ த்ராவேர்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். குறுக்கு வழியில் விழுங்கிவிட்டான் என்று பொருள். யார் நினைத்தது, எந்த ஊரிலிருந்து நினைத்தது என்ற விசாரணையெல்லாம் அதில் கிடையாது. எனக்கு நம் ஊர் விளக்கம்தான் பிடிக்கும். ஆனால் தொண்டைக்குள் நடக்கும் சங்கதியைச் சரியாகச் சொல்லியிருப்பவன் பிரெஞ்சுக்காரன்தான்.

தொண்டையில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று இரைப்பைக்குப் போகிறது, மற்றொன்று நுரையீரலுக்கு. எங்கள் பண்ணைக்காட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊத்து தெரிந்திருக்கும். வத்தலகுண்டிலிருந்து மலையேறி வரும் பஸ்ஸில் ஊத்தில் கவனமாக இருக்க வேண்டும். நேரே போனால் கொடைக்கானல், பிரிந்தால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. தொண்டையிலும் அப்படி ஒரு பிரிவு. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் குரல்வளையின் மூடி மூச்சுப் பாதையை அடைத்து, சோற்றை உணவுக்குழல் பக்கம் அனுப்பிவிடுகிறது. தப்பித் தவறி ஒரு பருக்கை அந்தப் பக்கம் போனால் இருமித் தள்ளிவிடுகிறோம். அந்த இருமலைத்தான் புரை என்கிறோம். அது நம்மைக் காப்பாற்றும் காவல்.

அதே மலைப் பாதையில் இன்னொரு காட்சியும் எல்லோரும் பார்த்ததுதான். கொண்டை ஊசி வளைவில் சின்னப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுக்கும். பின் சீட்டுக்காரருக்குத்தான் சங்கடமே தவிர, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. வயிறு முழுக்க மேலே வந்தாலும் ஒரு சொட்டு நுரையீரலுக்குள் போகாது. விழித்திருக்கும் உடம்பு அந்த நேரத்தில் மூச்சுப் பாதையைச் சட்டென்று மூடிக்கொள்கிறது.

மயக்க மருந்து கொடுத்துவிட்டால் இந்தக் காவல் இல்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. காலையில் எங்கள் ஊர் டீக்கடைப் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் அதில் இரண்டு பேருக்கு ஆபரேஷன் பேச்சுதான். மூட்டு, பித்தப்பை, புராஸ்டேட், குடலிறக்கம். எந்த ஊர், எந்த டாக்டர், எவ்வளவு செலவு, காப்பீட்டு அட்டை செல்லுமா என்று எல்லாம் பேசுகிறார்கள். மயக்கம் கொடுப்பவரைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கத்தி வைப்பவர் பெயர் தெரியும். நம் மூச்சைக் கையில் வைத்திருப்பவர் பெயர் தெரியாது. டிஸ்சார்ஜ் தாளில்கூட அவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆபீசில் கையெழுத்து அதிகாரியுடையது, கோப்பு எழுதியது கிளார்க் என்பது மாதிரி. அதனால் எனக்கு அவர்கள் மேல் ஒரு தனிப் பாசம்.

2019 கடைசியில் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. வயிற்றுக்குள் காற்றை நிரப்பிச் செய்வதால் முழு மயக்கம் கொடுப்பார்கள். முதல் நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். முதல் வேலையாக, "வாயை நல்லாத் திறந்து நாக்கை வெளியே நீட்டுங்கம்மா" என்றார். என் மனைவிக்கு வெட்கம். அந்நிய ஆம்பிளை முன்னால் காளியம்மன் மாதிரி நாக்கை நீட்டுவதா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் நீட்டினாள்.

அது என்ன பரிசோதனை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வாயைத் திறந்தால் உள்நாக்கும் தொண்டையும் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து நாலு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பில் எல்லாம் தெரியும். நாலாவதில் மேலண்ணத்தின் முன்பகுதி மட்டும்தான் தெரியும். தெரியாத தொண்டையில் சுவாசக் குழாய் போடுவது கஷ்டம் என்று முன்கூட்டியே எச்சரிக்கை ஆகலாம். இந்தச் சோதனையைத் தொடங்கி வைத்தவர் நம்மவர். ஆந்திரத்தில் பிறந்து, அமெரிக்காவில் பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி. 1985-இல் 210 நோயாளிகளைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். இன்று உலகத்தில் எந்த ஊர் ஆபரேஷன் தியேட்டரிலும் 'மல்லம்பட்டி எத்தனை?' என்று கேட்கிறார்கள். ஒரு தெலுங்கு ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் வாயில் இத்தனை முறை சொல்ல வைத்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து கேள்விகள். கட்டின பல் இருக்கா? ஆடுற பல் இருக்கா? சர்க்கரை எத்தனை வருஷம்? (இருபது.) நெஞ்சு கரிக்குமா? படுத்தால் புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருமா? என் மனைவி, "அதெல்லாம் இல்லீங்க" என்றாள். நான் குறுக்கே போய், "ராத்திரி ரெண்டு தலையணை வச்சுத்தான் படுப்பாங்க, வாரத்தில் மூணு நாள் எதுக்களிப்பு உண்டு, மலைப்பூண்டைப் பாலில் வேகவச்சுக் குடிச்சுட்டு வாயுதான்னு சொல்லிக்குவாங்க" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். இரவுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை எட்டரைக்கு ஆபரேஷன், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகாரம் எதுவும் கூடாது என்றார்.

காலை ஐந்தே முக்காலுக்கு என் மனைவியின் அக்கா பழனியிலிருந்து வந்து இறங்கினார். தங்கைக்கு ஆபரேஷன் என்று முதல் நாள் மலையேறிச் சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது பூசை முடிந்திருந்தது. நெற்றியில் விபூதி, வாயில் பஞ்சாமிர்தம். ஒரு ஸ்பூன் அல்ல, மூன்று நாலு வாய். "பிரசாதம்தானே மாப்பிள்ளை, இது சாப்பாட்டுக் கணக்கில் வராது" என்றார் மதினி. என் மனைவி, "நீங்க ஒண்ணும் சொல்லிறாதீங்க, ஆபரேஷன் தள்ளிப் போயிரும்" என்றாள்.

பஞ்சாமிர்தத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுதான் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருந்தது. அதில் போடும் விருப்பாட்சி வாழை விளைவது எங்கள் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்து மலைச் சரிவுகளில்தான். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். நாவுக்கு அமிர்தம். ஆனால் பழமும் நெய்யும் சேர்ந்தது இரைப்பையை விட்டுச் சீக்கிரம் நகராது.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். "வெறும் வயிறாம்மா?" என்றார். என் மனைவி தலையாட்டினாள். மதினி ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மூன்றையும் சொன்னேன்.

ஆபரேஷன் அன்றைக்கு நடக்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. "சர்க்கரை உள்ளவங்களுக்கு இரைப்பை மெதுவாத்தான் காலியாகும், எதுக்களிப்பு வேற இருக்கு. அவசர ஆபரேஷன்னா வேற விஷயம், இது நாளைக்குப் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் அறை வாடகை கூடியது. மதினி என்னோடு பேசுவதை நிறுத்தினார். சாமி பிரசாதத்தைக் காட்டிக் கொடுத்தவன் என்று பழனியிலும் ஆயக்குடியிலும் இருக்கும் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போயிற்று. என் மனைவி மட்டும் அன்று சாயங்காலம், "அப்படி என்னதான் ஆயிரும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

மயக்க மருந்து போட்டவுடன் இரைப்பையின் வாயில் இருக்கும் சுருக்குத் தசை தளர்ந்துவிடும். உள்ளே இருப்பது சத்தமில்லாமல் மேலே வரும். வாந்தி மாதிரி உமட்டி, குமுறி வருவதல்ல; சாக்கடை எதிர்த்து வருவது போலத் தானாக ஊறி வருவது. தொண்டைக்கு வந்தால் இருமல் கிடையாது, விழுங்குதல் கிடையாது. பக்கத்தில் திறந்து கிடக்கும் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். கட்டியாக இருந்தால் அடைப்பு. அமிலமாக இருந்தால் நுரையீரல் வெந்து போகும்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் நியூயார்க்கில் பிரசவம் பார்த்த கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற டாக்டர். அந்தக் காலத்தில் பிரசவ வலியில் இருக்கும் பெண்களுக்குச் சாப்பாடும் கொடுப்பார்கள், பிறகு முகமூடி வைத்து ஈதரும் கொடுப்பார்கள். 1932 முதல் 1945 வரை 44,016 கர்ப்பிணிகளின் பதிவேடுகளை அவர் புரட்டினார். 66 பேருக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. அவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள், இருவருமே கட்டியான உணவு அடைத்து. மற்றவர்களில் பலர் சில மணி நேரத்தில் மூச்சிரைத்து, நீலம் பாரித்துப் பிறகு தேறினார்கள். மெண்டல்சன் முயல்களின் நுரையீரலில் அமிலத்தை விட்டுப் பார்த்தார். அதே நோய் வந்தது. அமிலத்தை முறித்துவிட்டு அதே திரவத்தை விட்டால் அப்படி வரவில்லை. 1946-இல் இதை வெளியிட்டார். ஆபரேஷனுக்கு முன் அமிலத்தைக் குறைக்க மாத்திரை கொடுக்கிறார்களே, அதன் வேர் அந்த முயல்களில் இருக்கிறது.

அதற்கு நூறு வருஷம் முன்னால் ஒரு சின்னப் பெண் கதை இருக்கிறது. 1848 ஜனவரி 28. இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்தில் வின்லேட்டன் என்ற ஊர். ஹன்னா கிரீனர், வயது 15. கால் விரல் நகம் எடுக்கக் குளோரோபார்ம் கொடுத்தார்கள். குளோரோபார்ம் புழக்கத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நகத்தில் கத்தி வைத்த சற்று நேரத்தில் பெண் வெளுத்துப் போனாள். பதறிப்போன டாக்டர் வாயில் தண்ணீர் ஊற்றினார், பிறகு பிராந்தி ஊற்றினார். அவள் இறந்தாள். குளோரோபார்மைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சிம்ப்சன், மருந்தல்ல, பிராந்தியும் தண்ணீரும் மூச்சை அடைத்துத்தான் இறந்தாள் என்று வாதாடினார். ஜான் ஸ்னோ என்ற இன்னொரு பெரிய டாக்டர், இல்லை, மருந்து இதயத்தை நிறுத்தியது என்றார். வழக்கு இன்னும் தீரவில்லை. யார் சொன்னது சரியாக இருந்தாலும், மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதற்கு அந்தப் பெண் சாட்சி. நம் ஊரில் மயங்கி விழுந்தவனுக்கு உடனே சோடா உடைத்து ஊற்றுகிறார்களே, அவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

இதயமா, மூச்சா என்ற இந்தச் சண்டை இந்தியாவுக்கும் வந்தது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற டாக்டர், நாடியைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, மூச்சைப் பார் என்று சொல்லி வந்தார். நிஜாம் பணம் கொடுத்து 1888-லும் 1889-லும் இரண்டு குழுக்கள் அதை ஆராய்ந்தன. இரண்டாவதற்கு லண்டனிலிருந்தே நிபுணரை வரவழைத்தார்கள். இதயம் பற்றிய அவர்கள் முடிவு முழுக்கச் சரியல்ல என்று பிறகு தெரிந்தது. மூச்சை விடாமல் கவனி என்ற பாடம் நிலைத்தது. அந்த ஹைதராபாத்தில் குளோரோபார்ம் கொடுத்துவந்த ரூபாபாய் பர்தூன்ஜி, உலகத்திலேயே முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவர்.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். பிரிட்டன் முழுக்க ஒரு வருஷம் நடந்த மயக்க விபத்துகளைத் திரட்டி 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சுமார் 29 லட்சம் முழு மயக்கங்கள். மூச்சுப் பாதைக் கோளாறால் இறந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் 16. அதில் பாதிப் பேர், வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போனதால் இறந்தவர்கள். 29 லட்சத்தில் எட்டு மிகச் சின்ன எண்தான். அது தானாகச் சின்னதாக இருக்கவில்லை, எல்லோரிடமும் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சின்னதாக வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்த பிறகு என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லிச் சில நிமிஷம் காத்திருந்தார்களாம். பிறகு யாரோ தொண்டையில் இரண்டு விரல் வைத்தார்களாம். "கழுத்தை நெரிக்கப் போறாங்களோன்னு நெனச்சேன், அதுக்குள்ள தூங்கிட்டேன்" என்றாள். அதுவும் ஒரு காவல்தான். லண்டன் டாக்டர் பிரையன் செல்லிக் 1961-இல் சொல்லிக் கொடுத்தது. குரல்வளைக்குக் கீழே மோதிரம் போல ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதைப் பின்பக்கமாக அழுத்தினால் உணவுக்குழல் நசுங்கி மூடிக்கொள்ளும், எதுவும் மேலே வராது என்பது கணக்கு. சுவாசக் குழாய் உள்ளே போய், அதைச் சுற்றியுள்ள சிறு பலூன் ஊதப்பட்ட பிறகுதான் விரலை எடுப்பார்கள்.

இது உண்மையில் பயன் தருகிறதா என்று பிரான்ஸில் பத்து மருத்துவமனைகளில் 3,472 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அழுத்தினார்கள். மீதிப் பேருக்கு அழுத்துவது போல விரலை மட்டும் வைத்தார்கள். முடிவு 2019-இல் வெளியானது. ஒரு பக்கம் நூற்றுக்கு 0.6, மறுபக்கம் 0.5. வித்தியாசம் இல்லை என்று நாம் சொல்லிவிடுவோம்; ஆனால் அழுத்தாமலே இருக்கலாம் என்று தீர்ப்புச் சொல்ல இந்த எண்ணிக்கை போதாது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். அதனால் சில டாக்டர்கள் இன்னும் அழுத்துகிறார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். விரல் வைக்கிறார்களோ இல்லையோ, வயிறு காலியாக இருப்பதற்கு ஈடு கிடையாது.

இவ்வளவு சொன்னவன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016-இல் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். என்னை உள்ளே கூட்டிப் போனது மறுநாள் மாலை மூன்று மணிக்கு. பதினெட்டு மணி நேரம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தலை சுற்றியது. ஒரு வாய் தண்ணீர் கேட்டதற்கு நர்ஸ் அம்மா என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்படி ஒரு விதியே கிடையாது. கட்டியான ஆகாரத்துக்கு ஆறு மணி நேரம். எண்ணெய், நெய், கறி என்றால் எட்டு அல்லது அதற்கு மேல். பால் சேர்த்த காப்பியும் ஆகாரக் கணக்குதான், ஆறு மணி நேரம். நம் ஆட்கள் தவறுவது இந்தக் காப்பியில்தான். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போதும், வயிற்றுக் கோளாறு எதுவும் இல்லாதவர்களுக்கு. அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் இதை எழுதி வைத்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. நம் வயதில் பதினெட்டு மணி நேரம் தாகத்தோடு கிடப்பது உடம்புக்கு நல்லதல்ல. "எனக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன், எதுவரை தண்ணீர் குடிக்கலாம்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

பிரெஞ்சில் வெறும் வயிற்றுக்கு 'ஆ ஜேன்' என்பார்கள். சாப்பாட்டுக்குத் 'தெஜெனே', அதாவது விரதத்தை முடிப்பது. இங்கிலீஷ் பிரேக்பாஸ்டும் அதே கதைதான். நம் வெறும் வயிறு என்ற சொல்லில் விரதம் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான். மருத்துவமனைக்கு அதுதான் சரியான சொல். ஏகாதசி விரதத்தில் பால், பழம் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் முடியாது.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்கும் எடை குறையவும் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார்களே, செமாகுளூடைடு, டிர்செபடைடு என்று பெயர். 2025-இல் எடை குறைக்கும் வார ஊசிகள் நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கும் வந்துவிட்டன. அவை வேலை செய்யும் ஒரு வழியே இரைப்பையை மெதுவாகக் காலியாக்குவதுதான். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டது மறுநாள் காலையிலும் உள்ளே கிடக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தால் வெறும் வயிறு, உள்ளே பார்த்தால் இட்லி. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே ஊசியை நிறுத்துங்கள் என்று 2023-இல் அமெரிக்காவில் சொன்னார்கள். பிறகு 2024-இல், எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை, ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம், சிலருக்கு முதல் நாள் முழுக்கத் திரவ ஆகாரம் மட்டும் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். சில இடங்களில் வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று நேரே பார்த்துவிடுகிறார்கள். நோயாளி தலையாட்டுவதை நம்ப வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஒரு நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னையில் இருக்கும் மகள் சொல்லி அந்த ஊசி போட்டுக்கொள்கிறார். அடுத்த வாரம் அவருக்கு மதுரையில் தோள்பட்டை ஆபரேஷன். ஊசி போடுவதை மனைவியிடமே சொல்லவில்லையாம். எடை தானாகக் குறைந்ததாக அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று டீக்கடையில் அவரைத் தனியே கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். இன்று காலை மருத்துவமனைக்குப் போன் செய்து மயக்க மருந்து டாக்டரிடம் பேசிவிட்டார். ஊசியின் அட்டைப்பெட்டியைக் கையோடு எடுத்து வரச் சொன்னாராம். சட்டைப் பையில் வைத்திருக்கிறார். வீட்டம்மாவிடம் எப்போது சொல்லப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.